பலகையைக் கட்டியாயிற்றா?



முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். ‘மாணவர்களுக்குப் பயன்படும் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள்’ என்று வானொலி நிலையத்தார் கேட்டபோது, கல்வியின் மாண்பு, ஒழுக்கத்தின் உயர்வு, நூல்களின் அருமை என்று பல தலைப்புகள் நினைவுக்கு வந்தன. அவை பற்றிப் பேசுவோர் பலர் உளர். நான் இன்று எடுத்துக்கொள்ளும் பொருள், ஒரு மோட்டார் சைக்கிளைச் சரக்கு வண்டியில் ஏற்றி, கட்டி, ஊர் கொண்டு சேர்ப்பது எப்படி என்பதாகும். “தலைமை ஆசிரியர் ஒருவர் பேசத்தக்க பொருளா இது?” என்று நீங்கள் நகைக்கலாம். காரணம் கேட்டபின் நகைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் விடியற்காலையில் ‘கஜா’ புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்து, எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தின் வழியாக மேற்கே சென்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கத்துத் தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்து கிடந்தன. பாட்டன் நட்டுப் பேரன் பயன்கொண்ட பலா மரங்கள் வேரோடு பெயர்ந்தன. ஆலங்குடிக்கு அருகே ஒரு சிற்றூரில் என் தமையனார் வீடு இருக்கிறது. அவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் விட்டுச் சென்ற பழைய புல்லட் மோட்டார் சைக்கிள், வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் நின்றது. தென்னை மரம் ஒன்று கொட்டகையின் மேல் விழுந்து, அவ்வண்டியின் பின்பகுதியை நெளித்துவிட்டது. அதனை ஓட்டிச் செல்ல இயலாது. சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள புதுக்கோட்டைக்குக் கொண்டுபோய்ச் செப்பனிட வேண்டும் என்று அண்ணியார் விரும்பினார்.

இரண்டு வாரம் கழித்து, நிவாரணப் பொருள் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய சிறிய சரக்கு வண்டி ஒன்று கிடைத்தது. 2005-ஆம் ஆண்டில் டாட்டா ஏஸ் என்னும் பெயரில் வந்து, நம் மக்களால் ‘குட்டியானை’ என்று செல்லப்பெயர் சூட்டப்பட்டதே, அவ்வகை வண்டி. கட்டட வேலைக்குச் சாரம் கட்டும் பலகை ஒன்றைத் தேடி எடுத்தோம். அதன் ஒரு முனையை வண்டியின் விளிம்பில் சார்த்தினோம். மறு முனை ஈரமண்ணில் ஊன்றியது. என் பழைய மாணவன் ஒருவன், அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தவன், பின்னாலிருந்து தள்ளினான். வேறோர் இளைஞன் கைப்பிடியைப் பற்றியிருந்தான். நான் திண்ணையருகே நின்று கட்டளையிட்டேன். ஆசிரியர்களுக்கு அது எளிது.

முன்சக்கரம் வண்டியின் தளத்தை எட்ட ஒரு சாண் தூரம் இருந்தது. தள்ளியவர்களுக்கு மூச்சு வாங்கிற்று. நான் உரத்த குரலில், “நில்லுங்கள்! பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் இளைப்பாறுங்கள்” என்றேன். கைப்பிடியில் இருந்தவன் பிரேக்கைப் பிடித்தான். அடுத்த நொடியில் பலகை பின்னோக்கி வழுக்கியது. அதன் மேல்முனை விளிம்பிலிருந்து நழுவியது. பலகையும் மோட்டார் சைக்கிளும் சேர்ந்து விழுந்தன. என் மாணவனின் கால் அடியில் அகப்பட்டு, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது.

மருத்துவமனையில் அவனைப் பார்க்கச் சென்றேன். மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருந்தவன் என்னைக் கண்டதும் எழ முயன்றான். பிறகு சிரித்துக்கொண்டே, “சார், எட்டாம் வகுப்புல சாய்தளம் நடத்தினீங்க. பலகை வழுக்கினா என்ன ஆகும்னு மட்டும் சொல்லாம விட்டுட்டீங்களே” என்றான். அவன் வேடிக்கையாகச் சொன்னான். எனக்கு அது வேடிக்கையாக இல்லை. சாய்தளம், உராய்வு, நிலைமம், ஈர்ப்பு மையம் ஆகிய பாடங்களை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதி நடத்தியவன் நான். அவை வீட்டு வாசலில் வந்து நின்றபோது அவற்றை அடையாளம் கண்டுகொள்ளத் தவறினேன். அந்தக் குறையை ஓரளவேனும் ஈடுசெய்யவே இன்று இதனைப் பேசுகிறேன்.

முதலில் சாய்தளத்தை எடுத்துக்கொள்வோம். புல்லட்டின் எடை கணக்குக்காக 180 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சரக்கு வண்டியின் தளம் தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரம். நாங்கள் பயன்படுத்தியது 150 சென்டிமீட்டர் நீளப் பலகை. உயரம் நீளத்தில் பாதி. ஆகவே வண்டியைச் சரிவில் மேலே தள்ள, அதன் எடையில் பாதி அளவு, அதாவது 90 கிலோவைத் தூக்குவதற்கு ஒப்பான விசை தேவை. உராய்வு அதற்கு மேல். பலகை 225 சென்டிமீட்டராக இருந்திருந்தால் எடையில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 60 கிலோ அளவு போதும். பலகையின் நீளம் கூடக்கூடத் தள்ளும் விசை குறையும். தள்ளும் தூரம் கூடும். இயற்கை நம்மிடம் வேலையைத் தள்ளுபடி செய்வதில்லை, தவணையில் வாங்கிக்கொள்கிறது. இந்த உண்மையை 1586-ஆம் ஆண்டில் ஃபிளெமிய அறிஞர் சைமன் ஸ்டெவின், சாய்தளத்தின் மேல் தொங்கும் சங்கிலியைக் கொண்டு விளக்கினார். கலிலியோ பந்துகளைச் சரிவுப் பள்ளத்தில் உருட்டி ஆராய்ந்த முறையை 1638-இல் வெளிவந்த தம் நூலில் விவரித்தார்.

பலகை ஏன் வழுக்கியது? இதுவே நான் சொல்லத் தவறிய பாடம். சக்கரம் தடையின்றி உருளும்வரை, வண்டி சரிவில் கீழே இறங்க முயலும் விசையைத் தாங்குபவர்கள் தள்ளும் மனிதர்கள். அவர்கள் தரையில் காலூன்றி நிற்கிறார்கள். பலகைக்கு அந்தப் பொறுப்பு இல்லை. பிரேக்கைப் பிடித்துவிட்டுத் தள்ளுவோர் கையைத் தளர்த்தினால், அந்த 90 கிலோ அளவு விசை முழுவதும் சக்கரத்தின் வழியாகப் பலகையின் மேல் இறங்குகிறது. பலகையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. மழையில் நனைந்த மண் அதனைப் பிடித்துக்கொள்ளாது. மேல்முனையோ விளிம்பில் வெறுமனே சாய்ந்து கிடந்தது. ஆகவே நான் பாதுகாப்பு என்று எண்ணிச் சொன்ன சொல்லே விபத்துக்குக் காரணமாயிற்று. என்ஜினை ஓட்டிக்கொண்டு பலகையில் ஏறுவோருக்கும் இதே ஆபத்து உண்டு. பின்சக்கரம் முன்னேற வேண்டுமானால் அது பலகையைப் பின்னே உதைக்க வேண்டும். பலகையின் மேலேயே நடந்து தள்ளுபவரின் பாதமும் அவ்வாறே உதைக்கிறது.

ஆதலின் முதல் விதி இது. பலகையின் மேல்முனையைச் சரக்கு வண்டியோடு கயிற்றால் அல்லது சங்கிலியால் கட்டிவிட வேண்டும். அதன் பின்னரே மோட்டார் சைக்கிளைத் தொட வேண்டும். பலகையின் கீழ்முனைக்குப் பின்னால் ஒரு கல்லோ மரக்கட்டையோ மண்ணில் புதைத்து முட்டுக்கொடுப்பது இன்னும் நல்லது. சரக்கு வண்டியின் கைப்பிரேக்கை இழுத்து, கியரில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். பலகை நகராவிட்டாலும் வண்டி நகர்ந்தால் விளைவு ஒன்றே. மோட்டார் சைக்கிளுக்கு ஒரு பலகை, உடன் நடப்பவருக்கு அதன் பக்கத்தில் மற்றொரு பலகை என இரண்டு இருத்தல் வேண்டும். ஒன்றே இருந்தால், கைப்பிடியைப் பற்றியவர் திடீரென்று முக்கால் மீட்டர் உயரத்தை எட்டிக் கால் வைக்க நேரும். வண்டி சாய்வது பெரும்பாலும் அந்தத் தருணத்திலேதான்.

பலகையின் சரிவைக் குறைக்கும் வழி ஒன்றை எங்கள் மாவட்டத்து மாடு வளர்ப்போர் நன்கு அறிவர். புதுக்கோட்டை மாவட்டம் வாடிவாசல்களுக்குப் பேர்பெற்றது. 2019-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் நாள் விராலிமலையில் நடந்த ஜல்லிக்கட்டில் 1,354 காளைகள் அவிழ்த்துவிடப்பட்டு உலக சாதனை என்று பேசப்பட்டது. அத்தனை காளைகளும் நடந்தா வந்தன? பெரும்பாலானவை சிறு சரக்கு வண்டிகளில் வந்தன. காளையை ஏற்றுபவர் பலகையைத் தேடி அலைவதில்லை. வண்டியைக் கண்மாய்க்கரை ஓரமாகவோ, மேட்டு நிலத்தின் விளிம்பிலோ பின்னோக்கிக் கொண்டுவந்து நிறுத்துகிறார். கரையின் மட்டமும் வண்டித் தளத்தின் மட்டமும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. காளை படியேறுவதுபோல ஏறிவிடுகிறது. குளம்பு வழுக்காதபடி தளத்தில் வைக்கோலோ மணலோ பரப்புகிறார். தலையை முன்புறம் இருக்கச் செய்து, கயிற்றைக் குட்டையாகக் கட்டுகிறார். இவற்றுள் ஒவ்வொன்றும் மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும். 75 சென்டிமீட்டர் உயரத்தை மேடு ஒன்றின் துணையால் 25 சென்டிமீட்டராகக் குறைத்துவிட்டால், அதே 225 சென்டிமீட்டர் பலகையில் தள்ளும் விசை எடையில் ஒன்பதில் ஒரு பங்கு. அதாவது 20 கிலோ அளவு. மூவர் திணறிய வேலையை ஒருவர் அமைதியாகச் செய்யலாம். பள்ளிக்கூட வாசலைக்கூட மிதியாத ஒருவர், என் கரும்பலகைக் கணக்கை என்னைவிட நன்றாகப் போட்டு வைத்திருந்தார்.

இனி ஏற்றும் முறை. என்ஜின் அணைந்திருக்க வேண்டும். பக்கக் கண்ணாடிகளைக் கழற்றிவிட வேண்டும். பெட்ரோல் தொட்டியில் மிகக் குறைவாகவே எரிபொருள் இருக்க வேண்டும். குழாய் இருக்கும் வண்டியானால் அதனை மூடிவிட வேண்டும். ரயிலில் பார்சலாக அனுப்புவதாயின், தொட்டியை முற்றிலும் காலி செய்து, சாக்கும் வைக்கோலும் சுற்றிக் கட்டிக் கொடுக்க வேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஒருவர் கைப்பிடியைப் பற்றி, வண்டியின் இடப்பக்கம் நடக்க வேண்டும். மற்றிருவர் பின்னால், ஆனால் நேர் பின்னால் அன்று, இரு பக்கங்களிலும் நின்று தள்ள வேண்டும். வண்டி பின்னோக்கி வந்தால் அதன் பாதையில் எவருடைய காலும் இருத்தல் ஆகாது. நேர் பின்னால் நின்றவனே என் மாணவன். மேலே ஒருவர் இருந்து, வண்டியின் முன்பகுதியில் கட்டிய கயிற்றை இழுத்துக்கொடுத்தால் இன்னும் எளிது. தொடங்கினால் நடுவில் நிற்காமல் ஒரே மூச்சில் ஏற்றிவிட வேண்டும். அது இயலாது என்று தோன்றினால் ஆள் போதவில்லை என்று பொருள். இன்னொருவரை அழைத்த பிறகே தொடங்க வேண்டும்.

ஒருவேளை நடுவில் நிறுத்தியே ஆக வேண்டுமானால் எந்தப் பிரேக்? சரிவில் ஏறும்போது வண்டியின் பாரம் பின்சக்கரத்தின் மேல் சாய்கிறது. முன்சக்கரத்தின் மேல் பாரம் குறைகிறது. பாரம் குறைந்தால் உராய்வும் குறையும். ஆகவே முன்பிரேக்கை மட்டும் நம்பினால், சக்கரம் உருளாமல் நின்றாலும் சறுக்கிக்கொண்டு கீழே வரலாம். கியர் உள்ள வண்டியில் முதல் கியரைப் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி தள்ளினால், நிறுத்த விரும்பும்போது கிளட்சை விட்டுவிடலாம். பின்சக்கரம் தானே பிடித்துக்கொள்ளும். அப்போதும் கட்டப்பட்ட பலகை வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

ஏற்றியாகிவிட்டது. பலர் இத்துடன் வேலை முடிந்ததென்று வண்டியைத் தாங்கியில் நிறுத்தி, ஒரு கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிப் புறப்பட்டுவிடுகிறார்கள். பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. நியூட்டன் இயக்க விதிகளை வெளியிட்ட ஆண்டு 1687. நம் திருமயம் கோட்டை சேதுபதி மன்னரால் கட்டப்பெற்றதாகச் சொல்லப்படும் ஆண்டும் 1687. எங்கள் மாவட்டத்து மாணவர்களுக்கு அந்த ஆண்டை நினைவில் வைக்க நான் இந்த வழியைச் சொல்வதுண்டு. நியூட்டனின் முதல் விதி கூறுவது என்ன? ஓடும் பொருள், தன்னைத் தடுக்கும் விசை இல்லாதவரை ஓடிக்கொண்டே இருக்க விரும்பும். சரக்கு வண்டி பிரேக் போட்டால் நிற்பது சரக்கு வண்டிதான். அதன் மேலிருக்கும் மோட்டார் சைக்கிள் நிற்க ஒப்புவதில்லை.

கணக்கிட்டுப் பாருங்கள். சரக்கு வண்டி மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. குறுக்கே ஓர் ஆடு வந்துவிட, 12 மீட்டர் தூரத்துக்குள் நிற்கிறது. அதன் வேகக் குறைவு, புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழப் பாதி. அப்படியானால் 180 கிலோ மோட்டார் சைக்கிளை நிறுத்த, 90 கிலோ எடைக்கும் சற்று மேற்பட்ட விசை தேவை. அந்த விசையை யார் கொடுப்பது? முன்பலகையும் கயிறும் கொடுக்க வேண்டும். “நான் பின்னால் நின்று பிடித்துக்கொள்கிறேன்” என்று சரக்குத் தளத்தில் ஏறி நிற்கும் நண்பர் கொடுக்க முடியுமா? அவரும் அதே வேகத்தில் முன்னே பாய்பவர்தாமே! சரக்குத் தளத்தில் ஆள் ஏறிச் செல்வது சட்டத்துக்கும் மாறு, அறிவுக்கும் மாறு.

ஆகவே முன்சக்கரத்தைத் தளத்தின் முன்பலகையோடு நேராக முட்டவைத்து நிறுத்துக. வண்டியை நடுத்தாங்கியிலோ பக்கத் தாங்கியிலோ நிறுத்திக் கட்டுவது தவறு. தாங்கி என்பது அசையாத் தரைக்காக அமைந்தது. குலுங்கும் தளத்தில் அதன் மேல் பாரம் முழுவதும் விழுந்தால், அது வளையலாம், தகட்டைத் துளைக்கலாம், மடங்கியும் விடலாம். மோட்டார் சைக்கிள் தன் இரு சக்கரங்களில் நிமிர்ந்து நிற்க, நான்கு திசைகளிலும் கட்டுகள் அதனைத் தாங்க வேண்டும். கியர் வண்டியானால் முதல் கியரில் நிறுத்துக. கியர் இல்லாத ஸ்கூட்டரானால் பிரேக் பிடியை ரப்பர்ப் பட்டையால் இறுக்கிக் கட்டுக.

நான்கு கட்டுகளில் இரண்டு முன்னே, இரண்டு பின்னே. முன்கட்டுகள் முன்னோக்கியும் பக்கவாட்டிலும் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். அவற்றைக் கைப்பிடியின் நுனியில் மாட்டக் கூடாது. கைப்பிடி திரும்பிக் கயிறு தளரும். கைப்பிடிக்குக் கீழே, முன் ஃபோர்க் குழாய்கள் சேருமிடத்தில் துணி சுற்றிக் கட்டுதல் நலம். பிரேக் குழலும் மின்கம்பியும் கயிற்றில் நசுங்காதபடி பார்த்துக்கொள்க. பின்கட்டுகள் வண்டியின் உறுதியான சட்டத்தில் அமைய வேண்டும். இண்டிகேட்டர் விளக்கிலோ பிளாஸ்டிக் மூடியிலோ கட்டினால் அவை முறியும். கயிறு நேராகக் கீழே இறங்கினால் பக்கச் சாய்வைத் தடுக்காது. மிகவும் படுக்கையாகச் சென்றால் கீழ்நோக்கி அழுத்தாது. ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் இருந்தால், கயிற்றின் இழுவிசையில் பத்தில் ஏழு பங்கு பக்கவாட்டிலும், பத்தில் ஏழு பங்கு கீழ்நோக்கியும் பயன்படும். இரண்டையும் கூட்டினால் பத்துக்கு மேல் வருகிறதே என்று கேட்கும் மாணவன், விசைகளின் இணைகரத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

கட்டை எவ்வளவு இறுக்குவது? முன்புற ஷாக் அப்சார்பர் பாதி அளவு அமுங்கும்வரை. ஏன் அமுக்க வேண்டும்? சாலைப் பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது சுருள்வில் தானே சற்று அமுங்கும். கயிறு வெறுமனே தொட்டுக்கொண்டிருந்தால், அந்நேரம் தளர்ந்து, கொக்கி கழன்றுவிடும். முன்னரே பாதி அமுங்கியிருந்தால், வில் எப்போதும் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். கயிறு எப்போதும் இறுக்கமாக இருக்கும். முழுவதும் அமுக்குவதும் கேடு. குலுக்கலைத் தாங்க வில்லுக்கு இடம் இல்லாமற்போய், எண்ணெய்த் தடுப்பு வளையம் பழுதாகும். இப்பொழுது கடைகளில் பல்சக்கரப் பிடியுள்ள இறுக்கு பெல்ட்டுகள் கிடைக்கின்றன, அவை சிறந்தவை. கயிறுதான் உண்டு என்றால், லாரிக்காரர்கள் போடும் முடிச்சைக் கற்றுக்கொள்ளுங்கள். கயிற்றின் நடுவே ஒரு கண்ணி இட்டு, முனையைக் கீழ்க்கொக்கியில் மாட்டி, அந்தக் கண்ணி வழியாகத் திருப்பி இழுக்கிறார்களே, அது ஒரு கப்பி அமைப்பு. உராய்வு இல்லையெனில் இழுப்பதைப்போல் மூன்று மடங்கு இறுக்கம் தரும். உராய்வு போக மீதி கிடைப்பதே நல்ல இலாபம். நைலான் கயிறு பாரத்தில் நீளும் இயல்புடையது. ஆதலால் நாலைந்து கிலோமீட்டர் சென்றதும் வண்டியை ஓரமாக நிறுத்தி, நான்கு கட்டுகளையும் கையால் தொட்டுப் பார்த்து மீண்டும் இறுக்க வேண்டும். இந்த ஒரு வழக்கம் எத்தனையோ வண்டிகளைக் காப்பாற்றும்.

டிராக்டருக்கோ காருக்கோ பின்னால் இழுக்கப்படும் டிரெய்லரில் ஏற்றுவோருக்கு இன்னொரு சொல். பாரவண்டி ஓட்டிய நம் முன்னோர் ‘முன்பாரம்’, ‘பின்பாரம்’ என்பர். மூட்டைகளை அச்சுக்குப் பின்னால் அடுக்கினால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் கழுத்தை நெரிக்கும். மிக முன்னால் அடுக்கினால் மாடு பாரத்தில் குனியும். சற்றே முன்பாரம் இருக்கும்படி அடுக்குபவனே நல்ல வண்டிக்காரன். இரண்டு சக்கர டிரெய்லருக்கும் அவ்விதியே. பாரம் அச்சுக்குப் பின்னால் போனால், வேகத்தில் டிரெய்லர் பாம்புபோல் நெளியத் தொடங்கி, இழுக்கும் வண்டியையும் புரட்டிவிடும். மோட்டார் சைக்கிளின் ஈர்ப்பு மையம் அதன் என்ஜின் பக்கம் இருப்பதை எண்ணி, அது அச்சுக்குச் சற்று முன்னால் வரும்படி நிறுத்த வேண்டும்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் இறக்குவது எளிது என்று எண்ணாதீர்கள். ஏற்றும்போது நமக்கு எதிராக நின்ற ஈர்ப்பு, இறக்கும்போது நம்மைவிட விரைவாக ஓடப் பார்க்கும். பலகையை மறுபடியும் கட்டுக. பின்கட்டுகளை முதலில் அவிழ்த்து, ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொண்ட பின்னரே முன்கட்டுகளை அவிழ்க்க. முன்பு சொன்னபடி ஆட்கள் பக்கங்களில் நின்று, பின்னோக்கி மெல்ல இறக்குக. கிளட்சை விட்டுவிட்டுப் பிடித்துப் பிடித்து இறக்கலாம். மேலிருந்து ஒருவர் கயிற்றைச் சிறிது சிறிதாக விட்டுக்கொடுப்பது மிக நன்று.

இவையெல்லாம் ஆண்பிள்ளைகளுக்கு உரிய செய்தி என்று மாணவியர் யாரும் எண்ண வேண்டாம். 1991-ஆம் ஆண்டில் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தபோது, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளையும் கற்றனர். கேலி பேசியோர் வாயடைத்தனர். அந்த அன்னையரின் பெண்களும் பேத்திகளும் இன்று ஸ்கூட்டரில் கல்லூரிக்குச் செல்கிறார்கள். திருச்சிக்கோ சென்னைக்கோ படிக்கப் போகும் பெண், தன் வண்டியையும் அனுப்ப வேண்டி வரலாம். அன்று சுற்றி நிற்போரிடம், “பலகையைக் கட்டியாயிற்றா?” என்று கேட்கும் துணிவு அவளுக்கு இருக்க வேண்டும்.

என் கதையின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். அந்த மோட்டார் சைக்கிள் மூன்று மாதம் கொட்டகையிலேயே கிடந்தது. என் மாணவன் அந்தப் பருவத் தேர்வை எழுத முடியவில்லை. 2019-இல் பொங்கல் கழிந்த பிறகு, கைத்தடியின் துணையோடு நடக்கத் தொடங்கியவன், ஒருநாள் அவனே ஆள் அனுப்பி என்னை வரச்சொன்னான். சரக்கு வண்டி ஒன்று கண்மாய்க்கரையோரம் பின்னோக்கி நிறுத்தப்பட்டிருந்தது. அவனுடைய மாமா ஜல்லிக்கட்டுக் காளை வளர்ப்பவர். அவர்தாம் இடத்தைத் தேர்ந்தவர். நீளமான இரு பலகைகள் வந்திருந்தன. மாணவன் ஒரு கல்லின் மேல் அமர்ந்து கட்டளையிட்டான். இம்முறை கைப்பிடியைப் பற்றியவன் நான்.

நான் அவசரமாக வண்டியை நகர்த்த முயன்றபோது, “சார், கொஞ்சம் பொறுங்க. பலகையைக் கட்டியாச்சா?” என்று கேட்டான். கட்டவில்லை. வெட்கத்தோடு நின்றேன். அவன் மாமா கயிற்றை எடுத்து இரு முனைகளையும் கட்டினார். பிறகு ஒரே தள்ளலில் மோட்டார் சைக்கிள் மேலே போய் நின்றது. ஆலங்குடி தாண்டியதும் ஒருமுறை நிறுத்திக் கட்டுகளைத் தொட்டுப் பார்த்தோம். பின்கட்டு ஒன்று தளர்ந்துதான் இருந்தது. இறுக்கிக்கொண்டு புதுக்கோட்டை சேர்ந்தோம். அந்த வண்டி இன்றும் ஓடுகிறது. அவன் விட்டுப்போன தேர்வை அடுத்த ஆண்டு எழுதித் தேறினான். ஆயினும் மழைக்காலத்தில் அந்தக் கால் இன்னும் வலிக்கிறது என்று அவன் தாயார் சொல்லக் கேட்கும்போதெல்லாம், நான் தலை குனிகிறேன்.

மாணவ மாணவியரே! தேர்வுத்தாளில் சாய்தளத்துக்கு ஐந்து மதிப்பெண் உண்டு. வாழ்க்கையில் அதற்கு ஒரு கால் விலை. பாடம் படிக்கும்போது, இது நம் வாசலில் எந்த உருவில் வரும் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். பெரியவர்கள் கட்டளையிடும்போதும், அவர்கள் உங்கள் ஆசிரியராகவே இருந்தாலும், ஐயமுண்டானால் பணிவோடு கேளுங்கள். என் மாணவன் அன்று கேட்டிருக்கலாம். கேட்கும் பழக்கத்தை நான் அவனுக்குக் கொடுக்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.